கோவையில் இரண்டு முறை வீடு தேடிய அனுபவம்

பெங்களூரில் 14 ஆண்டுகள் வாடகை வீடுகளில் இருந்துவிட்டு, 2022 ஜூன் மாதம் நாங்கள் கோயம்புத்தூருக்குக் குடிபெயர்ந்தோம். அப்பா இறந்த பிறகு அம்மா ஒட்டன்சத்திரத்தில் தனியாக இருந்தார். அவரைப் பெங்களூருக்கு அழைத்துவந்து மூன்றாம் மாடியில் அடைத்து வைக்க எனக்கு மனம் வரவில்லை. என் அலுவலகத்துக்குக் கோவையிலும் ஒரு கிளை இருந்ததாலும், வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று அனுமதி கிடைத்ததாலும், மனைவிக்கு மருதமலைச் சாலையில் உள்ள ஒரு பள்ளியில் ஆசிரியர் வேலை உறுதியானதாலும் முடிவெடுக்க அதிக நாள் ஆகவில்லை. சென்னையையும் யோசித்தோம். ஆனால், கையில் மிஞ்சும் பணம், நல்ல மருத்துவமனைகள், நான்கு மணி நேரத்துக்குள் சொந்த ஊர் போய்ச் சேரும் வசதி, பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று என்று எதை எடுத்துப் பார்த்தாலும் கோவையே எங்களுக்குப் பொருந்தியது. ஊரைத் தேர்ந்தெடுத்ததில் இன்றுவரை எங்களுக்கு வருத்தமில்லை. ஆனால் ஊருக்குள் எந்தப் பகுதியில் வீடு பார்ப்பது என்பதில் பெரிய தவறு செய்தோம். அதைச் சரிசெய்ய ஒரு வருடம் ஆனது. புதிதாகக் கோவைக்கு வரும் குடும்பங்கள் பலவும் இதே தவறைச் செய்வதைப் பார்ப்பதால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

வீடு பார்க்க நான் மட்டும் ஒரு சனிக்கிழமை இரவு வந்து, ஞாயிறு ஒரே நாளில் புரோக்கருடன் ஐந்து வீடுகளைப் பார்த்தேன். ஐந்துமே சரவணம்பட்டியிலும் அதை ஒட்டிய கீரணத்தம், விளாங்குறிச்சிப் பக்கமும்தான் இருந்தன. என் அலுவலகம் அங்கே இருக்கிறது, குடும்பத்தில் அதிகச் சம்பளம் வாங்குபவன் நான், எனவே என் அலுவலகத்துக்குப் பக்கத்தில் வீடு என்பது கேள்வியே இல்லாமல் முடிவானது. பெங்களூரில் 27,000 ரூபாய் கொடுத்துக்கொண்டிருந்த எனக்கு, அதைவிடப் பெரிய இரண்டு படுக்கையறை வீடு 13,500 ரூபாய்க்குக் கிடைக்கிறது என்றதும் வேறு எதையும் கேட்கத் தோன்றவில்லை. ஞாயிறு மதியம் சத்தி சாலை (சத்தியமங்கலம் சாலை) காலியாகக் கிடந்தது. காந்திபுரத்திலிருந்து எவ்வளவு விரைவாக வந்துவிட்டோம் என்று புரோக்கரிடம் மகிழ்ச்சியோடு சொன்னது நினைவிருக்கிறது. அன்று மாலையே முன்பணம் கொடுத்தேன்.

அந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் முதலில் தண்ணீர்தான் எங்களைப் படுத்தியது. கோவையில் 'தண்ணீர் வருகிறதா' என்று யாரும் பொதுவாகக் கேட்பதில்லை. 'நல்ல தண்ணி' வேறு, 'உப்புத் தண்ணி' வேறு. மாநகராட்சிக் குழாயில் வருவது நல்ல தண்ணீர். ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வருவது உப்புத் தண்ணீர், அதைச் சிலர் சப்பைத் தண்ணீர் என்றும் சொல்வார்கள். இந்த வேறுபாடு தெரியாமல், 'தண்ணீர்ப் பிரச்சினை எதுவும் இல்லையே?' என்று நான் கேட்டதற்கு, 'இருபத்து நாலு மணி நேரமும் தண்ணி இருக்குங்க' என்று வீட்டுக்காரர் சொன்ன பதில் பொய்யில்லை. அவர் சொன்னது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை. நல்ல தண்ணீர் பத்து, பன்னிரண்டு நாள்களுக்கு ஒருமுறைதான் வரும் என்பதும், அதுவும் அடுக்ககத்துக்குப் பொதுவான தொட்டியில் விழுந்து எல்லா வீடுகளுக்கும் பங்காகும் என்பதும் குடிவந்த பிறகுதான் தெரிந்தது.

குடிவந்த மூன்றாம் நாள் காலை அம்மா அடுப்படியில் நின்றுகொண்டு, 'ஏம்ப்பா, இந்தப் பருப்பு பழசா?' என்று கேட்டார். துவரம்பருப்பு குக்கரில் ஆறு விசில் வந்த பிறகும் மசியாமல், விரலில் நசுக்கினால் நடுவில் வெள்ளையாகக் கடினமாகவே இருந்தது. பருப்பில் குறையில்லை, தண்ணீரில் இருந்த கடினத்தன்மைதான் காரணம். ஒரு மாதத்துக்குள் குளியலறை வாளியின் உள்பக்கம் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்தது. இரண்டு மாதத்தில் தண்ணீர் சூடாக்கும் கருவியின் கம்பி உப்புப் படிந்து வீணானது. அம்மாவுக்குத் தலைமுடி கொட்டத் தொடங்கியது. சமையலுக்கும் குடிக்கவும் வாரத்துக்கு மூன்று கேன் தண்ணீர் வாங்கினோம். கோடையில் ஆழ்துளைக் கிணறும் கைவிட்டபோது லாரித் தண்ணீருக்கு எல்லா வீட்டாரும் சேர்ந்து பணம் போட்டோம்.

அந்த லாரியை ஓட்டிவந்த பெரியவரிடம்தான் முதல் பாடம் படித்தேன். தொட்டி நிரம்பும்வரை வேப்பமர நிழலில் நின்று பேசிக்கொண்டிருந்தபோது, 'தம்பி, அடுத்த வாட்டி வீடு பாத்தா வாடகைய அப்புறம் கேளுங்க. மொதல்ல நல்ல தண்ணி எத்தன நாளைக்கு ஒருக்கா வருது, தனிக் குழாயா பொதுக் குழாயான்னு கேளுங்க. அதையும் வீட்டுக்காரருகிட்டக் கேக்காதீங்க, பக்கத்து வூட்டு அம்மாகிட்டக் கேளுங்க' என்றார்.

பிறகு இதைப் பற்றி நானாகவே தெரிந்துகொண்டவற்றையும் சொல்கிறேன், ஏனென்றால் கோவையில் வீடு பார்ப்பவருக்கு நகரத்தின் தண்ணீர் வரைபடம் தெருப் பெயர்களைவிட முக்கியம். கோவை முழுவதும் சிறுவாணித் தண்ணீர்தான் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்கிறோம். அது உண்மையில்லை. பழைய நகரத்தின் மேற்குப் பகுதிகளுக்குப் பெரும்பாலும் சிறுவாணியும், மற்ற பெரும்பாலான பகுதிகளுக்குப் பவானி ஆற்றின் குறுக்கே உள்ள பில்லூர் அணையிலிருந்தும், தெற்கே குறிச்சி, குனியமுத்தூர் பக்கம் ஆழியாற்றிலிருந்தும் தண்ணீர் வருகிறது. சிறுவாணி அணையே கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் இருக்கிறது. தென்மேற்குப் பருவமழை பொய்த்தால் நகரத்தின் மேற்கே உள்ளவர்களுக்கும் தட்டுப்பாடு வரும். 2011-இல் மாநகராட்சியின் எல்லை விரிந்து 72 வார்டுகள் 100 வார்டுகளானபோது சரவணம்பட்டி, காளப்பட்டி, துடியலூர், வடவள்ளி போன்ற பேரூராட்சிகளும் குறிச்சி, கவுண்டம்பாளையம் போன்ற நகராட்சிகளும் சேர்க்கப்பட்டன. எல்லைக் கோடு ஒரே நாளில் மாறிவிட்டது, ஆனால் குழாய்களும் சாக்கடைகளும் சேர்க்கப்பட்ட பகுதிகளுக்கு மெதுவாகத்தான் போய்ச் சேர்ந்துகொண்டிருக்கின்றன. எனவே ஒரு பகுதி 'மாநகராட்சிக்குள்' இருக்கிறது என்ற ஒரு சொல்லை நம்பிவிடாமல், பழைய எல்லைக்குள் இருந்ததா, புதிதாகச் சேர்ந்ததா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

தண்ணீரையாவது காசு கொடுத்துச் சமாளித்தோம். பயணத்தை அப்படிச் சமாளிக்க முடியவில்லை. மனைவியின் பள்ளி வீட்டிலிருந்து 15 கிலோமீட்டர். மகனையும் அதே பள்ளியில் சேர்த்திருந்ததால், இருவரும் காலை ஏழு மணிக்கே ஸ்கூட்டரில் கிளம்பி, சத்தி சாலையில் கணபதி வழியாக வந்து, சாயிபாபா காலனியைக் கடந்து மருதமலைச் சாலைக்குப் போவார்கள். நகரத்தின் குறுக்கே, அதன் மிக நெரிசலான இடங்கள் எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டு போகும் வழி அது. ஐப்பசி மழையில் ரயில் பாதைக்கு அடியில் உள்ள சுரங்கப்பாதைகளில் தண்ணீர் தேங்கிவிட்டால் சுற்றிக்கொண்டு வர ஒன்றரை மணி நேரம் ஆகும். ஒரு நவம்பர் மாலை, இருட்டிய பிறகு, இருவரும் மழைக்கோட்டுக்குள்ளும் நனைந்து நடுங்கிக்கொண்டு படியேறி வந்ததையும், மகன் சாப்பிடாமலே தூங்கிப்போனதையும் பார்த்தபோது எனக்குக் குற்ற உணர்ச்சியாக இருந்தது. அலுவலகத்துக்கு நடந்து போகும் தூரத்தில் வாடகைக்கு வீடு எடுத்துக்கொண்ட நான், வாரத்தில் இரண்டே நாள்தான் அங்கே போய்க்கொண்டிருந்தேன். வாரத்துக்கு ஆறு நாள் பயணம் செய்த இரண்டு பேரை 15 கிலோமீட்டர் தள்ளி வைத்திருந்தேன்.

அம்மாவின் நிலைமை இன்னும் மோசம். நாள் முழுவதும் அந்த வீட்டில் இருந்தவர் அவர்தான். அடுக்ககத்தில் பெரும்பாலும் இருவரும் வேலைக்குப் போகும் இளம் தம்பதிகள். காலை ஒன்பதரைக்கு மேல் தளம் முழுவதும் கதவுகள் பூட்டியிருக்கும். நடந்து போகும் தூரத்தில் கோயிலோ காய்கறிக் கடையோ இல்லை. ஒட்டன்சத்திரம் போகப் பழனி பேருந்து ஏற வேண்டுமென்றால் உக்கடத்துக்கு வர வேண்டும். அதற்கு ஆட்டோ அல்லது இரண்டு பேருந்து மாற வேண்டும். ஊரில் எல்லா விசேஷத்துக்கும் முதல் ஆளாக நிற்பவர், 'போக வர உனக்குத்தான் சிரமம், பரவால்ல விடு' என்று சொல்லத் தொடங்கினார். அவர் குறை சொல்லவில்லை என்பதால் அந்த வீடு அவருக்கு ஒத்துவரவில்லை என்பதை நான் காலம் தாழ்த்தித்தான் புரிந்துகொண்டேன்.

பத்தாவது மாதத்தில் ஒரு நாள் இரவு மனைவியும் நானும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். வாடகை 13,500, பராமரிப்பு 2,500, கேன் தண்ணீர் 450, லாரித் தண்ணீரில் எங்கள் பங்கு சராசரியாக 900, ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் 1,650, அம்மாவை மருத்துவமனைக்கும் உக்கடத்துக்கும் அழைத்துப்போகும் ஆட்டோவுக்கு 2,000. மொத்தம் 21,000 ரூபாய். மருதமலைச் சாலைப் பக்கம் வாடகை அதிகம் என்று நாங்கள் ஒதுக்கிய வீடுகள் 16,000, 17,000 ரூபாய்க்குக் கிடைத்துக்கொண்டிருந்தன. வாடகையை மட்டும் ஒப்பிட்டு, அந்த வீட்டில் வாழ ஆகும் செலவை ஒப்பிடாமல் விட்டிருந்தோம்.

இரண்டாவது முறை தேடத் தொடங்குவதற்கு முன், ஒரு தாளில் வீட்டில் உள்ள நான்கு பேரின் பெயரையும் எழுதி, ஒவ்வொருவரும் வாரத்தில் எத்தனை நாள், எங்கே, எந்த நேரத்தில் போகிறார்கள், வீட்டில் எத்தனை மணி நேரம் இருக்கிறார்கள் என்று குறித்தோம். சம்பளத்தை அதில் எழுதவில்லை. அந்தத் தாளைப் பார்த்ததுமே எந்தத் திசையில் வீடு தேட வேண்டும் என்பது முடிவாகிவிட்டது. நகரத்தின் மேற்கு, அதுவும் நேரடிப் பேருந்து போகும் சாலையிலிருந்து அம்மா நடந்துவரக்கூடிய தூரத்துக்குள்.

இந்த முறை அவசரப்படாமல் இரண்டரை மாதம் தேடினோம். ஆர்.எஸ். புரமும் சாயிபாபா காலனியும் எல்லா வகையிலும் பொருந்தின, வாடகைதான் கைக்கு எட்டவில்லை. போத்தனூர்ப் பக்கம் ஒரு தனி வீடு 11,000 ரூபாய்க்குக் கிடைத்தது; காற்றோட்டமும் விசாலமும் பார்த்து மனைவிக்கு மிகவும் பிடித்துவிட்டது. மறுநாள் மாலை மீண்டும் போனபோது, வெள்ளலூர்க் குப்பைக் கிடங்கின் நாற்றம் வீட்டுக்குள் வந்தது. வாசலில் இருந்த தண்ணீர்க் குடத்தின் மேல் ஈக்கள் மொய்த்தன. காலையில் பார்த்த வீட்டை மாலையிலும் ஒருமுறை பார்க்க வேண்டும் என்பதற்கு அதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை. வடவள்ளியைத் தாண்டி மலை அடிவாரத்தில் பார்த்த வீடு குளுமையாகவும் அழகாகவும் இருந்தது. ஆனால் 'பலா பழுக்குற சமயத்துல மட்டும் ராத்திரி வெளிய வராதீங்க, யானை வரும்' என்று பக்கத்துத் தோட்டத்துக்காரர் இயல்பாகச் சொன்னார். காட்டை ஒட்டி வாழ்பவர்களுக்கு அது பழகிய வாழ்க்கை. விடியற்காலையில் எழுந்து வாசல் பெருக்கும் அம்மாவை வைத்துக்கொண்டு நாங்கள் அதற்குத் துணியவில்லை.

கடைசியில் பி.என். புதூரில், பேருந்து நிறுத்தத்திலிருந்து ஆறு நிமிட நடையில், 16,500 ரூபாய் வாடகைக்குத் தரைத்தளத்தில் ஒரு பழைய வீடு கிடைத்தது. தரை மொசைக், சமையலறை சிறியது, கார் நிறுத்த இடமில்லை. முதல் முறை நான் பார்த்திருந்தால் உள்ளே நுழையாமலே திரும்பியிருப்பேன். இந்த முறை வாசலில் இருந்தே பார்க்கத் தொடங்கினேன். குழாயடியில் உள்ள சிமெண்ட்டில் வெள்ளைப் படிவு இல்லை. குளியலறை வாளி நிறம் மாறவில்லை. தெருவில் மூன்று வீடு தள்ளி இட்லி மாவு விற்றுக்கொண்டிருந்த அம்மாவிடம், 'நல்ல தண்ணி எப்பங்க வரும்?' என்று என் மனைவி கேட்டார். 'அஞ்சு நாளைக்கு ஒருக்கா வரும் கண்ணு, கோடையில ஏழெட்டு நாளாகும். எந்நேரம் வரும்னு மட்டும் சொல்ல முடியாது, தொட்டியில வால்வு போட்டு வெச்சிருந்தா நீ தூங்கலாம்' என்றார். வீட்டுக்காரரும் அதையேதான் சொன்னார். இரண்டு பேர் சொன்னதும் ஒத்துப்போனது எங்களுக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது.

அன்று மாலையே முன்பணம் கொடுக்கவில்லை. அடுத்த திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அந்தத் தெருமுனையில் நின்று பள்ளி நேர நெரிசலைப் பார்த்தோம். ஒரு நாள் இரவு ஒன்பது மணிக்கு வந்து தெருவிளக்கு எரிகிறதா, நாய்த் தொல்லை உண்டா என்று பார்த்தோம். ஒரு மழை நாளுக்காகக் காத்திருந்து, மழை விட்ட அரைமணி நேரத்தில் தெருவில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்தோம். அம்மாவைப் பேருந்து நிறுத்தத்திலிருந்து அவர் வேகத்தில் நடக்கவைத்து அழைத்துவந்தோம். முதல் வீட்டை முடிவு செய்தபோது அவரிடம் புகைப்படத்தைத்தான் காட்டியிருந்தேன்; இந்த வீட்டை அவர் தன் காலால் நடந்து பார்த்துச் சம்மதித்தார்.

ஒப்பந்தத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். முதல் வீட்டில் 1,00,000 ரூபாய் முன்பணம் கொடுத்திருந்தேன். காலி செய்யும்போது வெள்ளை அடிக்கவும் வாளி வைத்த இடத்தில் இருந்த உப்புக் கறையைப் போக்கவும் என்று 40,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டு மீதியைத்தான் கொடுத்தார்கள். அந்தக் கறை அவர்கள் வீட்டுத் தண்ணீரால் வந்தது என்று எவ்வளவு சொல்லியும் பயனில்லை. குடிவந்த அன்று சுவர்களும் குழாய்களும் எப்படி இருந்தன என்பதற்கு என்னிடம் ஒரு புகைப்படம்கூட இல்லை. ஒப்பந்தத்தில் வெள்ளை அடிப்பது யார் பொறுப்பு என்ற வரியும் இல்லை. தமிழ்நாட்டில் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் பற்றிய 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. இருவரும் வேறுவிதமாக ஒப்புக்கொள்ளாத வரையில் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது என்றும், சுவருக்கு வெள்ளை அடிப்பது, கதவு ஜன்னலுக்கு வண்ணம் பூசுவது உரிமையாளரின் பொறுப்பு என்றும் அதில் இருக்கிறது. 'வேறுவிதமாக ஒப்புக்கொள்ளாத வரையில்' என்பதுதான் அதில் கவனிக்க வேண்டிய இடம். கையெழுத்திடும் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்தே நம் நிலை அமையும். இரண்டாவது வீட்டில் மூன்று மாத வாடகையை முன்பணமாகக் கொடுத்து, வெள்ளை அடிப்பது, மோட்டார் பழுது, வாடகை உயர்வு மூன்றையும் எழுதி வாங்கிக்கொண்டேன். சாவி வாங்கிய அன்றே ஒவ்வொரு அறையையும் படமெடுத்து வீட்டுக்காரருக்கும் அனுப்பினேன். அவர் அதைத் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. 'இதும் நல்லதுதானுங்க' என்றுதான் பதில் வந்தது.

மின்சாரத்திலும் ஒரு விஷயம் உண்டு. இடையில் பார்த்த ஒரு மாடி வீட்டில் கீழ்வீட்டுக்கும் மேல்வீட்டுக்கும் ஒரே மீட்டர். மேலே இருப்பவர் யூனிட்டுக்கு 8 ரூபாய் கொடுக்க வேண்டும் என்றார்கள். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை முதல் 100 யூனிட் இலவசம். தனி இணைப்பு இல்லாவிட்டால் அந்தப் பயன் குடியிருப்பவருக்குக் கிடைக்காது.

இப்போது பி.என். புதூர் வீட்டில் எங்கள் மாதக் கணக்கு ஏறத்தாழ 17,600 ரூபாய். அதில் வாரத்துக்கு இரண்டு நாள் நான் சரவணம்பட்டிக்குப் போய்வரும் பெட்ரோலும் அடக்கம். அந்த இரண்டு நாளும் காலை ஏழேகாலுக்குக் கிளம்பிவிடுகிறேன், மதியம் மூன்றரைக்குத் திரும்பிவிடுகிறேன். மேலதிகாரியிடம் நேரத்தை மாற்றிக்கொள்ளக் கேட்டபோது உடனே ஒப்புக்கொண்டார். மனைவியும் மகனும் பத்து நிமிடத்தில் பள்ளி போய்ச் சேர்கிறார்கள். ஸ்கூட்டர் பழுதான நாள்களில் மனைவி சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் போகிறார். 2021 மே முதல் அதில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. சிறுவாணி அணையில் தண்ணீர் குறைந்துவிட்டது என்று செய்தி வரும் கோடை மாதங்களில் இங்கேயும் இடைவெளி நீள்கிறது; அதற்காக 1,000 லிட்டர் தொட்டி ஒன்றைத் தனியாக வாங்கி வைத்திருக்கிறோம்.

அம்மா வால்வை நம்புவதில்லை. நல்ல தண்ணீர் வரும் இரவுகளில், குழாயில் முதலில் காற்று சீறும் சத்தத்துக்கே எழுந்துவிடுவார். தொட்டியில் விழட்டும், படுங்கள் என்று சொன்னால் கேட்பதில்லை. ஒட்டன்சத்திரத்திலிருந்து கொண்டுவந்த பித்தளைக் குடத்தைக் குழாயடியில் வைத்து, நிரம்பும்வரை பக்கத்திலேயே நிற்பார். அந்தத் தண்ணீரில்தான் மறுநாள் பருப்பு வேக வேண்டும் என்பது அவர் கணக்கு. மாதம் ஒருமுறை, கையில் ஒரு துணிப்பையுடன், யாரையும் எதிர்பார்க்காமல் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்து போய், உக்கடத்தில் இறங்கிப் பழனி பேருந்து ஏறிவிடுகிறார். உட்கார இடம் கிடைத்ததும் எனக்குப் போன் செய்து சொல்வார்.